நாற்பதாயிரம் வாய்களும் நாலு டிஸ்க்கும்

அந்த டென்டல் லேபில் சர்வர் அறைப் பொறுப்பு அவளிடம் வந்து சேர்ந்ததற்குப் படிப்போ அனுபவமோ காரணமில்லை. அந்த அறையின் சாவி அவளிடம் இருந்தது. அவ்வளவுதான்.

எட்டு வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, பல் டாக்டர்களின் போன்களுக்குப் பதில் சொல்லி, வாய் அச்சு வந்த பார்சல்களைப் பிரித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவள் அவள். மாடிக் கதவு முதல் கழிப்பறை வரை எல்லாச் சாவியும் அவள் இழுப்பறையில்தான் கிடக்கும். அதனால் பெருக்குகிறவர் தொடங்கி முதலாளிவரை எல்லாருக்கும் அவள் சாவியக்கா. முதலாளிக்கு அறுபது வயது. அவருக்கும் அக்காதான்.

லேபின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவனுக்கு டிக் என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் தன் திரையைத் திருப்பிக் காட்டி, "பாருங்க, எல்லாம் பச்சை டிக்" என்பான். ஒரு திங்கட்கிழமை, கப்பலில் வேலை கிடைத்துவிட்டது என்று கிளம்பினான். போகும்போது சாவியை அவள் கையில் போட்டு, "அக்கா, உள்ள எல்லாம் தானா ஓடும். ஏசி நிக்காம மட்டும் பாத்துக்கங்க" என்றான்.

"அடுத்த ஆள் கிடைக்கிறவரைக்கும் நீங்க பாத்துக்கங்க" என்றார் முதலாளி. அடுத்த ஆள் கிடைக்கவில்லை. தேடினால்தானே கிடைப்பான்?

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். தினமும் பத்துப் பேர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்காரும் மனிதர் என்பதால் எதற்கும் பதற மாட்டார். "தெரியாததைக் கத்துக்கிட்டா தெரிஞ்சுடும். இதுல என்ன இருக்கு?" என்றார். சொல்வது சுலபம். அவள் புத்தகம் வாங்கினாள், வீடியோ பார்த்தாள், சந்தேகம் கேட்கும் தளங்களில் முகம் தெரியாத ஆட்களிடம் திட்டு வாங்கினாள். மூன்று மாதத்தில், எது தெரியாது என்பதாவது அவளுக்குத் தெரிந்தது.

முதலாளிக்கு விளக்குவதுதான் பெரும்பாடு.

"ஒன்பது கம்ப்யூட்டர் ஓடுதுன்னு டிக் சொன்னானே. உள்ள ஒரு பெட்டிதானே இருக்கு? மிச்ச எட்டையும் கப்பல்ல ஏத்திட்டானா?"

"பெட்டி ஒண்ணுதான் சார். அதுக்குள்ள ஒன்பது பேரு குடித்தனம் நடத்துறாங்க. விர்ச்சுவல் மெஷின்னு பேரு. உடம்பு கிடையாது. ஆனா ஒவ்வொருத்தரும் தனக்குத் தனி வீடு இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"யாரும் வெளிய வந்து பாக்கலியா?"

"பாத்தா மனசு உடைஞ்சுடும் சார்."

இந்த ஒன்பது பேரையும் தினமும் சாயங்காலம் நகலெடுத்து, பக்கத்திலிருந்த இன்னொரு பெட்டியில் பேக்கப்பாக வைக்க வேண்டும். அந்தப் பெட்டியில் நாலு டிஸ்க். மொத்தம் ஆறு டெராபைட் இடம். ஒன்பது பேரும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது பதினொன்று. ஆறு படி கொள்ளும் பானையில் டிக் எப்படிப் பதினொரு படியைக் கொட்டினான் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. அவன் கொட்டவேயில்லை என்பது ஒரு விளையாட்டு வாத்தியாரால் தெரியவந்தது.

அந்த வாத்தியாருக்குப் பற்கள் ஆடிப்போயிருந்தன. டாக்டர் முதலில் அவர் வாயை ஸ்கேன் எடுத்து லேபுக்கு அனுப்பினார். பிறகு பல்லையெல்லாம் பிடுங்கினார். பழைய பல்வரிசை எப்படி இருந்ததோ அப்படியே பல் செட் செய்து தர வேண்டும். இதற்கிடையில் வடிவமைப்புப் பிரிவில் ஒரு புண்ணியவான் பழைய கோப்புகளைத் துப்புரவு செய்கிறேன் என்று வாத்தியார் வாயையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டான்.

"பேக்கப்ல இருக்கும், எடுத்துத் தர்றேன்" என்று சாவியக்கா தைரியமாகச் சொன்னாள். சர்வர் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். பச்சை டிக், பச்சை டிக், வரிசையாக எட்டுப் பச்சை டிக். ஒன்பதாவது எங்கே? திரையில் அந்தப் பட்டியல் சன்னலைச் சரியாக எட்டு வரி தெரியும் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தான் டிக். இழுத்துப் பெரிதாக்கினாள். ஒன்பதாவது வரியில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. ஸ்கேன்களெல்லாம் இருக்கும் மெஷின் அதுதான். இடம் போதாமல் ஏழு மாதமாக அது நகலாகவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சலையும் அந்த மகராசன் நிறுத்திவைத்திருந்தான்.

நாற்பதாயிரம் பேருடைய வாய்கள். அவற்றில் ஏழு மாதத்து வாய்களுக்கு நகல் இல்லை. அந்த எச்சரிக்கை மின்னஞ்சலை முதலில் முடுக்கிவிட்டாள்.

பிடுங்கின பல்லைத் திரும்ப ஒட்டி ஸ்கேன் எடுக்கவா முடியும்? லேபின் மூத்த டெக்னீஷியனிடம் போய் நின்றாள். அவரைக் கடைவாய் என்பார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு, கடைசியாக, வாயின் ஒரு ஓரத்தால் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அவர் வாத்தியாரின் பழைய போட்டோ ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, தோராயமாக ஒரு செட் செய்தார்.

இரண்டு வாரம் கழித்து அவள் வாத்தியாருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்லம்மா. நல்லாத்தான் இருக்கு. 'ச' சொன்னா மட்டும் விசில் வருது" என்றார் அவர். "பசங்க விசில்னு நினைச்சு ஓட ஆரம்பிச்சுடுறாங்க. ஒருவகையில வசதிதான்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் அவள் அந்த வேலையை உண்மையாகக் கையிலெடுத்தாள் என்று சொல்ல வேண்டும். அதுவரை அறையைப் பூட்டித் திறந்துகொண்டிருந்தாள்.

பெரிய பெட்டி வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் மறுப்பார் என்று மூன்று பக்கத்துக்கு வாதம் எழுதிக்கொண்டு போயிருந்தாள். அவர் முதல் வரியிலேயே "வாங்கிடுங்க" என்றார். அவளுக்கே ஏமாற்றம். ஆனால் விற்கிறவன், "இருப்பு இல்ல மேடம், பத்து வாரம் ஆகும்" என்றான்.

"பத்து வாரம்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுங்க" என்றார் முதலாளி. பல் செட் செய்கிறவருக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு.

அப்படியானால் ஆறு டெராபைட்டுக்குள் எல்லாரையும் அடக்க வேண்டும். யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டாள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவள் வருவதைப் பார்த்தாலே ஆட்கள் தேநீர் குடிக்கக் கிளம்பினார்கள். வடிவமைப்புப் பிரிவில் ஒரு டெராபைட்டுக்குச் சினிமா இருந்தது. "அதெல்லாம் யாரோடதுன்னு தெரியல அக்கா" என்றார்கள் ஐந்து பேரும், ஐந்து பக்கம் பார்த்துக்கொண்டு. "யாரோடதும் இல்லைன்னா அழிச்சிடலாம்ல?" என்றதும் ஐந்து பேர் முகமும் துக்க வீடு மாதிரி ஆயிற்று. அழித்தாள்.

கடைவாய் ஒரு நல்ல யோசனை சொன்னார். ஸ்கேன் கருவி ஒரு வாயை நூற்றுக்கணக்கான துண்டுப் படங்களாக எடுக்கிறது. பிறகு அவற்றை ஒட்டித்தான் முழுத் தாடையும் உருவாகிறது. "கட்டடம் முடிஞ்சாச்சு. சாரத்தை எதுக்கு வச்சிருக்க?" என்றார். சாரத்தைப் பிரித்ததில் இரண்டு டெராபைட் கிடைத்தது. ஒன்பது மெஷின்களுக்குள்ளும் ஒரே விண்டோஸ்தான் இருக்கிறது, அதை ஒன்பது தடவை நகலெடுக்கத் தேவையில்லை, ஒரு தடவை எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு 'இவனுக்கும் அதே' என்று குறித்துக்கொண்டால் போதும் என்று படித்திருந்தாள். அந்த வசதி மென்பொருளிலேயே இருந்தது. டிக் அதை முடுக்கவில்லை. முடுக்கினாள். தினமும் எல்லாவற்றையும் எடுக்காமல், மாதம் ஒருமுறை முழுசாக, மற்ற நாட்களில் மாறினதை மட்டும் என்று வைத்தாள். பானைக்குள் அரிசி மெல்ல இறங்கியது.

மிச்சமிருந்தது ஒரு மர்மம். ஒன்பது பேரில் ஒருவர் பெயர் 'சும்மா-2'. சும்மா-1 என்று ஒன்று எங்கேயும் இல்லை. சும்மா-2 இரண்டு டெராபைட்டை வளைத்துப் போட்டிருந்தார். உள்ளே நுழைய யாரிடமும் பாஸ்வேர்டு இல்லை. முதலாளி அப்போது வெளியூரில் இருந்தார்; லேபில் இருந்த மற்றவர்களை ஒருவர் விடாமல் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே குரலில், "தொடாதீங்க, எதுக்காவது இருக்கும்" என்றார்கள்.

"எதுக்குன்னு தெரியாததைத் தொடாதேன்னு சொல்றாங்களே, என்னங்க பண்றது?" என்று கணவரிடம் கேட்டாள்.

"கார்ல சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியலைன்னா ஒவ்வொண்ணா நிறுத்திப் பாப்போம்."

நிறுத்தினாள். அழிக்கவில்லை; சும்மா நிறுத்தி வைத்தாள். யார் கத்துகிறார்கள் பார்ப்போம். ஒரு நாள் போயிற்று. ஒரு வாரம் போயிற்று. யாரும் கத்தவில்லை. இரண்டாவது வாரம் முதலாளி வெளியூரிலிருந்து திரும்பி வந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தன் அறையிலிருந்து வேகமாக வெளியே வந்து வரவேற்பு மேசையருகில் குனிந்து, ரகசியமாகக் கேட்டார்:

"அக்கா, என் பாட்டெல்லாம் எங்க?"

"என்ன பாட்டு சார்?"

அவர் காது சிவந்தது. தினமும் சாயங்காலம் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளிருந்து ஏற்றமும் இறக்கமுமாகக் குரல் வரும். யாரோ விற்பனையாளரை போனில் திட்டுகிறார் என்று லேபே நினைத்திருந்தது. அவர் பாடிக்கொண்டிருந்தார். நானூற்று அறுபது பாட்டு. ஒவ்வொன்றையும் எட்டு, பத்து தடவை. உயர்தரப் பதிவு, ஒரு இருமல்கூடச் சேதாரமில்லாமல். டிக்தான் ரகசியமாக மெஷின் போட்டுக் கொடுத்திருந்தான். அவனுக்குச் சம்பள உயர்வு அடிக்கடி கிடைத்ததற்குக் காரணமும் அன்று விளங்கியது.

"சார், வாத்தியார் வாய்க்கு இடமில்லாமப் போனது உங்க பாட்டாலதான்" என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயந்தாள்.

"அப்படின்னா சுருதி சேராததை மட்டும் அழிச்சிடுங்க" என்றார்.

அப்படிப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாதே சார் என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவரிடம் பாஸ்வேர்டு வாங்கி, பாட்டுகளையெல்லாம் தன் வரவேற்பு மேசைக்கடியில் கால் வைக்கும் இடத்தில் கிடந்த பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். சும்மா-2 உண்மையாகவே சும்மா ஆயிற்று. மற்ற எட்டுப் பேரும் அந்த நாலு டிஸ்க்குக்குள், முழங்கால் முட்டிக்கொண்டாவது, அடங்கினார்கள். முதன்முறையாக எல்லா வரியும் பச்சை. சன்னலை முழுத்திரைக்கு இழுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் படிக்கப் படிக்கத்தான் கவலை வரும். சர்வரும் பேக்கப் பெட்டியும் ஒரே அறையில் இருந்தால் அந்த அறைக்கு ஏதாவது ஆனால் இரண்டும் போகும், ஒரு நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று படித்தாள். நாலு டெராபைட் கொள்ளும் கையடக்க டிஸ்க் ஒன்று லேபில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு முழு நகல் எடுத்து, யாரும் திறக்க முடியாதபடி நீளமான பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"இது என்னது, டப்பாவுக்கு அடியில?" என்றார் கணவர்.

"நாப்பதாயிரம் பேரோட வாய்."

"வீட்டுல இருக்கிற ஒரு வாயே போதாதா?"

அதை பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்தாள். வாராவாரம் லேபிலிருந்து எடுத்துப் போகும் முன்பு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்கேனைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க்கிலிருந்து திறந்து பார்ப்பாள். தாடை நீல நிறத்தில் திரையில் சுழன்றால்தான் அந்த வாரம் அவளுக்கு முடிந்த வாரம்.

எட்டுப் பேரையும் சுருக்கினாலும் நாலரை வந்தது. டிஸ்க்கில் நாலுதான். அரை டெராபைட்டுக்கு யாரையாவது வெளியே நிறுத்த வேண்டும். கடைவாய் தனக்கென்று வைத்திருந்த மெஷின் சரியாக அந்த அளவு இருந்தது. அவரிடமே கேட்டாள்.

"அண்ணே, உங்க மெஷின்ல முக்கியமா என்ன இருக்கு?"

அவர் ஒரு மேல்தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "பழைய குப்பைம்மா" என்றார்.

நோட்டில் அவர் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டாள்.

எட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, மேல்மாடியில் புதிதாக வந்த அழகு நிலையத்துக்காரர்கள் தலை கழுவும் தொட்டி பொருத்தினார்கள். குழாய்க்காரர் ஆணி அடித்த இடம் சரியில்லை. கீழே வரவேற்பு மேசையில் இருந்தவளுக்கு முதலில் ஏதோ கைதட்டுவதுபோல் கேட்டது. சர்வர் அறைக் கதவைத் திறந்தாள். கூரைப் பலகை ஒன்று தொங்க, தண்ணீர் நேராகச் சர்வர் தலையில் அபிஷேகமாக விழுந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து சீறுகிற சத்தம்.

வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அவள் இறக்கியபோது லேபே இருண்டது. எல்லாரும் ஓடிவந்தார்கள். முதலாளி குடையோடு வந்தார். விரித்து, எட்டிச் சர்வருக்குப் பிடிக்கப் போனார்.

"தொடாதீங்க சார்! பேட்டரியில இன்னும் கரண்டு இருக்கு!"

"நனையுதே அக்கா!"

"நனைஞ்சாச்சு சார். நீங்க மேல போய்க் குழாயை நிறுத்தச் சொல்லுங்க!"

குடையை விரித்தபடியே அவர் மாடிக்கு ஓடினார். படிக்கட்டில் குடை இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. தண்ணீர் நின்ற பிறகு, சர்வரிலிருந்தும் பேக்கப் பெட்டியிலிருந்தும் டிஸ்க்குகளை அவள் ஒவ்வொன்றாக உருவினாள். தகட்டு விளிம்பு வலது உள்ளங்கையைக் கிழித்தது. கடைவாய் துணி கிழித்துக் கட்டிவிட்டார். உருவின டிஸ்க்கைச் சாய்த்தால் தண்ணீர் ஊற்றியது. இரண்டு பெட்டியும் போயிற்று.

கணவருக்குப் போன் செய்தாள். "பீரோவில அந்த டிஸ்க் இருக்குல்ல? உடனே கொண்டுவாங்க."

"வகுப்பு நடந்துக்கிட்டிருக்கு. ஓட்டுறவங்களுக்கு இன்னிக்கு மூணாவது நாள்."

"அப்படியே கொண்டுவாங்க!"

அந்த லேபின் நாற்பதாயிரம் வாய்களும் ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, எல் பலகை மாட்டிய காரில், இரண்டாவது கியரைத் தாண்டத் தெரியாத ஒரு பெண்மணியின் கையில் வந்து சேர்ந்தன. நடுவில் நாலு தடவை வண்டி நின்றுபோனதாம். பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அடித்தே தேய்த்தார்களாம். "முழு நேரமும் மடியிலயே வச்சிருந்தேன்" என்று கணவர் டிஸ்க்கை நீட்டினார். ஓட்டிவந்தவர் வேர்த்து விறுவிறுத்து இறங்கி, "நல்லபடியா வந்துட்டேனா?" என்றார். அவருக்கு முதலாளியே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வடிவமைப்புப் பிரிவிலிருந்த பெரிய கம்ப்யூட்டரைத் தற்காலிகச் சர்வராக்கினாள். மின்சாரம் வந்தது. டிஸ்க்கைச் சொருகினாள். பாஸ்வேர்டு கேட்டது. இடது கையால் அடித்தாள், தவறு. மறுபடி அடித்தாள், தவறு. இன்னும் ஒரு தடவை தவறினால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும்.

"சொல்லு, நான் அடிக்கிறேன்" என்று கடைவாய் உட்கார்ந்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் முதலாளி, அவருக்குப் பின்னால் லேப் முழுக்க.

"காதுல சொல்றேன் அண்ணே."

"எனக்கு அந்தக் காது கேக்காதும்மா. சத்தமா சொல்லு."

வேறு வழியில்லை. யாருக்கும் தோன்றாததாக, ஆனால் தனக்கு மறக்காததாக இருக்கட்டும் என்று ஒரு சாயங்காலம், முதலாளி அறையிலிருந்து குரல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், வைத்த பாஸ்வேர்டு அது.

"பாட்டை நிறுத்துங்க சார்" என்றாள் சாவியக்கா. "இங்கிலீஷ் எழுத்துல. நடுவுல இடைவெளி இல்லாம."

கடைவாய் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்து, பாதியில் நின்றார். "சாருக்கு எத்தனை 'ஏ'?"

முதலாளிதான் பேசினார். "ரெண்டு போடுங்க. மரியாதை குறையக் கூடாது."

திறந்தது.

எட்டுப் பேரில் ஏழு பேர் மீண்டு வர இரண்டு பகல் ஆயிற்று. புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஸ்கேன் மெஷின் கண் திறந்தது. அவள் கண்ணை மூடி ஒரு கோப்பைத் திறந்தாள். நீலத் தாடை ஒன்று திரையில் மெதுவாகத் திரும்பியது. யாரும் கைதட்டவில்லை, ஆளுக்கொரு பெருமூச்சு விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். வெள்ளிக்குப் பிறகு வந்த முப்பத்தொரு வாய்கள் மட்டும் போயின. முப்பத்தொரு டாக்டர்களுக்கும் அவளே போன் செய்தாள். இருபத்தொன்பது பேர் மறுபடி ஸ்கேன் எடுத்து அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் காதைப் பிடித்துத் திருகாத குறையாகத் திட்டிவிட்டு அனுப்பினார். மிச்ச இரண்டு டாக்டர்களின் நோயாளிகளுக்கு ஏற்கெனவே பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. அந்த இரண்டையும் கடைவாய் போட்டோ பார்த்துச் செய்ய வேண்டியதாயிற்று.

பாட்டுகள் வரவேற்பு மேசைக்கடியில் சொட்டு நனையாமல் இருந்தன. "அதாவது தப்பிச்சுதே" என்றார் முதலாளி.

தப்பாதது கடைவாயின் மெஷின். நனைந்த டிஸ்க்குகளைக் காயவைத்து, மீட்டுத் தருகிறவர்களிடம் அனுப்பினாள். ஒன்றும் தேறாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான், வடிவமைப்புப் பிரிவில் ஒரு பெண் சொல்லி, அதில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருடமாக அவர் தான் செய்த ஒவ்வொரு பல்லின் வடிவத்தையும் அதில் சேர்த்து வைத்திருந்தார். லேசாக வளைந்தது, ஓரம் தேய்ந்தது, புகை பிடிக்கிறவருடையது, சதா சிரிக்கிறவருடையது என்று ஆறாயிரத்துச் சொச்சம் பல். புதிய ஸ்கேன் வந்தால் அதற்கு நெருக்கமான ஒன்றை அதிலிருந்துதான் எடுத்துத் தொடங்குவார்.

அவர் மேசைக்குப் போய் நின்றாள்.

"கேட்டேனே அண்ணே. குப்பைன்னு சொன்னீங்களே."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "நீ கேட்ட. இதெல்லாம் முக்கியம்னு நானே எப்படிம்மா சொல்றது?"

அவள் வரவேற்பு மேசைக்குத் திரும்பிப் போய், போன் அடித்தும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தது, அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. வாய் திறந்து சொல்லாத மனிதர் என்று லேபுக்கே தெரியும். அவரிடம் ஒரே கேள்வி கேட்டு, ஒரே பதிலை வாங்கிக்கொண்டு பெருக்கல் குறி போட்டது யார்? மெஷினை அவளே திறந்து பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை.

மறுநாளிலிருந்து லேபின் பழைய மின்னஞ்சல்களைத் தோண்ட ஆரம்பித்தாள். டாக்டர்களுக்கு அனுப்பிய கோப்புகளில் கடைவாயின் வடிவங்கள் ஒட்டிக்கொண்டு போயிருக்குமே என்று தோன்றியது. போன் வராத நேரங்களில் தேடினாள். நான்கு மாதத்தில் ஆயிரத்து நூறு பல் தேறியது. ஒரு பென் டிரைவில் போட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"இதுல முன்னூறு எனக்கே பிடிக்காது, அதை விட்டுடு" என்றார். "மத்ததை ரெண்டு இடத்துல வை."

புதிய பெட்டி பத்து வாரம் என்று சொல்லிப் பதினான்காவது வாரம் வந்தது. சர்வருக்கு மேலே குழாய் இல்லாத அறையாகப் பார்த்துக் கேட்டாள். பொருள் வைக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். பேக்கப் பெட்டி கட்டடத்தின் எதிர்க் கோடிக்குப் போயிற்று. இப்போது இடம் தாராளம். ஆனாலும் அந்த நோட்டோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் வருவது நிற்கவில்லை. என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. "திறந்து காட்டுங்க" என்பாள்.

முதலாளி ஒரு மாதம் பாடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் வந்து மேசையருகில் நின்று, "நீங்க என் பாட்டைக் கேட்டிருக்கீங்க, உண்மையைச் சொல்லுங்க. எதையாவது வச்சுக்கலாமா?" என்றார்.

மாற்றும்போது சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அவள் பலவற்றையும் கேட்டிருந்தாள். யோசித்தாள். "முன்னூத்திப் பன்னெண்டாவது நல்லா இருக்கும் சார். பாதியில வரி மறந்து சிரிச்சுடுறீங்க. அந்தச் சிரிப்பு நல்லா இருக்கும்."

அவர் பதினொரு பாட்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தானே அழித்தார். பிறகு ஒரு பாட்டு வாத்தியாரிடம் சேர்ந்தார் என்று கேள்வி. அந்த வாத்தியார் எதற்கும் பதறாதவராக இருக்க வேண்டும்.

அவளை முழுநேரமும் கம்ப்யூட்டர் பொறுப்புக்கே மாற்றினார்கள். அதற்கு ஒரு சான்றிதழ் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். நாற்பத்துமூன்று வயதில், தன் பாதி வயதுப் பிள்ளைகள் நிறைந்த கூடத்தில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். குறைந்த இடத்தில் பேக்கப் எடுக்கத் திட்டமிடும்போது முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு கேள்வி. நாலு விடைகளில் சுருக்குவது, பழைய நகலைக் கழிப்பது, மாறினதை மட்டும் எடுப்பது, இடத்தைக் கூட்டுவது என்று இருந்தன. ஒவ்வொருவரிடமும் நேரில் போய்த் திறந்து காட்டச் சொல்வது என்று ஒன்று இல்லை. அவள் பத்து நிமிடம் அந்தக் கேள்வியோடு சண்டை போட்டாள். எதையும் குறிக்காமல் விட்டாள். இரண்டு மதிப்பெண்ணில் தோற்றாள்.

"எதையாவது ஒண்ணைக் குறிச்சிருக்கலாம்ல?" என்றார் கணவர்.

"தப்பான விடைங்க எல்லாமே."

"லைசென்ஸ் தேர்வுல அவங்க கேக்குறதைத்தான் செஞ்சு காட்டணும். வெளிய வந்து நீ உனக்குத் தெரிஞ்ச மாதிரி ஓட்டு."

அடுத்த மாதம் மறுபடி எழுதினாள். அதே கேள்வி வந்தது. 'மாறினதை மட்டும் எடுப்பது' என்று குறித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.